நான் மொழிபெயர்க்காத ஒன்பது பக்கங்கள்

செழியா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட பதிவை உன் அப்பாதான் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "உம் மவன் உன்னப் பத்தி எழுதியிருக்கான், கேளு" என்று மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி சத்தமாக வாசித்தார். சென்னையில் அந்தச் சேனலில் தலைமை எழுத்தாளனாகச் சேர்ந்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். உன்னை எழுத்துப் பக்கம் இழுத்தது உன் அம்மா பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிய ஒரு சின்னப் புத்தகம் என்றும், அதில் வருகிற ருமேனியப் பத்திரிகையாளரைப் போல சொந்த மண்ணுக்காக எழுதிச் சாவதுதான் உன் ஆசை என்றும் எழுதியிருந்தாய். கீழே என் தமிழாக்கத்திலிருந்து நாலு வரி வேறு. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நானோ கையில் செதிலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தலைசுற்றல் என்று நினைத்து எலுமிச்சம்பழம் நறுக்கப் போனார்.

வீட்டுப் பேச்சை வீட்டுக்குள்ளேயே பேசக் கூடாதா என்று நீ கேட்பாய். நீ ஊரறிய நன்றி சொன்னாய், நான் ஊரறியத்தான் பதில் சொல்ல வேண்டும். நீ கொண்டாடுகிற அந்தப் புத்தகம் முழுப் புத்தகம் இல்லை. அதில் ஒன்பது பக்கங்களை நான் மொழிபெயர்க்காமல் விட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். இந்தக் கடிதத்தை முதலில் உனக்கு அனுப்புகிறேன். அந்தத் தமிழாக்கம் வந்த அதே சிற்றிதழில், விட்டுப்போன பக்கங்களோடு சேர்த்து, அடுத்த மாதம் இது அச்சாகும். இதழின் ஆசிரியரிடம் சொன்னபோது, "பிழை திருத்தம்னு ஒரு ஓரத்துல ரெண்டு வரி போட்டுட்டாப் போவுது மதாம், இன்னாத்துக்கு இவ்ளோ?" என்றார். இரண்டு வரியில் அடங்குகிற பிழை இல்லை இது என்றேன். என் பிடிவாதம் அவருக்குப் பழக்கம், அதனால் பேசாமல் ஒத்துக்கொண்டார்.

என் தொழில் உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. ஓய்வூதியத்துக்கும், பிள்ளையின் பயணத்துக்கும், கல்யாணப் பதிவுக்கும் அவர்களுடைய தமிழ்ச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் பெயர்த்து முத்திரை போட்டுக் கொடுப்பது என் வேலை. என் அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் பியூனாக இருந்ததால் எனக்கு அங்கே இடம் கிடைத்தது, அந்தப் படிப்புதான் இத்தனை வருஷமாகச் சோறு போட்டது. இந்த வேலைக்கு ஒரே ஒரு கட்டளை: காகிதத்தில் இருப்பது எதையும் விடக் கூடாது. முத்திரை மங்கியிருந்தால் 'வட்ட முத்திரை, எழுத்து தெளிவில்லை' என்று எழுத வேண்டும். பதிவாளர் ஒரு சொல்லை அடித்திருந்தால் அடித்ததையும் எழுத வேண்டும். மை கொட்டியிருந்தால் அதையும். உனக்கு ஏழெட்டு வயதிருக்கும், என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, "கறையக்கூட மொழிபெயர்ப்பியாம்மா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அன்று முழுக்க வீட்டில் இருக்கிற கறையையெல்லாம் காட்டி, "இதுக்கு பிரெஞ்சுல இன்னா?" என்று உயிரை வாங்கினாய்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் வந்த கதையும் உனக்கு நினைவிருக்கும், நான்தான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவருடைய திருமணச் சான்றிதழின் ஓரத்தில், கணவனுக்கு முன்பே ஒரு கல்யாணம் நடந்து ரத்தான குறிப்பு இருந்தது. "மதாம், அந்த ஓரத்துல கெறுக்கியிருக்கறத மட்டும் உட்டுடுங்க. எம் பொண்ணு இத கையில வாங்கிப் பாப்பா. அவளுக்குத் தெரியாது மதாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கறத இருக்கற மாதிரிதான்மா போடுவேன். எனக்கு வேற வழி இல்ல" என்றேன். அழுதுகொண்டே மாடிப்படி இறங்கிப் போனார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! ஏழை எளியவர் என்றால் எனக்குச் சட்டம் நன்றாக நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்த எழுத்தாளர் என்றபோது வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் புத்தகம் வந்த விதம் இதுதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர், கடைசியாக மகளோடு பிரான்சுக்கே போய்விட முடிவுசெய்து வீட்டைக் காலி செய்தபோது, ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்து என் அலுவலகத்தில் வைத்தார். அடியில் மெல்லிசாக ஒரு புத்தகம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ருமேனியாவில் வாழ்ந்த ஒரு பத்திரிகையாளரின் வாழ்க்கை, அவருடைய கட்டுரைகளையும் சேர்த்து வேறொருவர் எழுதியது. சின்ன ஊர் ரயில் நிலைய அதிகாரியின் மகன். பையில் ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு தலைநகருக்கு வருகிறார். டிராம் ஓட்டுகிறவர்கள், ஆற்றங்கரையில் துணி வெளுக்கிறவர்கள், விடியற்காலையில் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் என்று அதுவரை பத்திரிகையில் பேரே வராத ஜனங்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களுடைய கைகளைப் பற்றி எழுதுவார் பார், அந்த இடத்தில் நான் எத்தனை தடவை பேனாவைக் கீழே வைத்திருக்கிறேன். குருசுக்குப்பத்தில் வலை பிரிக்கிறவர்களின் கையைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் ஊரைப் பற்றி யாரோ ஒரு வெள்ளைக்காரன் எழுதிவிட்டான் என்று தோன்றியது. மூன்று மாதம், சான்றிதழ் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து அதைத் தமிழாக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை.

அந்த மனிதருக்கு வாசகர்கள் பெருகினார்கள். ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அவர் தெய்வமாக மதித்த ஒரு பேராசிரியர் நடத்திய பத்திரிகையில் போய்ச் சேர்ந்தார். நாட்டின் துன்பத்துக்கெல்லாம் காரணம் வந்தேறிகளும் யூதர்களும்தான் என்பது அந்தப் பத்திரிகையின் பாட்டு. முதலில் இவர் அதைப் பாடவில்லை. அதே துணி வெளுக்கிறவர்களைப் பற்றித்தான் எழுதினார், கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு கேள்வி சேர்த்தார்: இந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் யார்? அந்த ஒரு கேள்விக்கு வந்த கைதட்டல் அதுவரை அவர் எழுதிய எதற்கும் வந்ததில்லை. அடுத்த வாரம் அந்தக் கேள்வி முதல் பத்திக்கு ஏறியது. அதே வெறுப்பைப் பேசிய கட்சியின் இளைஞர்கள் பச்சைச் சட்டை போட்டு ஊர்வலம் போன காலம் அது. அவர்களை நாட்டின் புது ரத்தம் என்று எழுதினார். பிறகு ஒரு நாள், தான் குடியிருந்த தெருவிலேயே மருந்துக்கடை வைத்திருந்த ஒரு யூதரைப் பற்றி எழுதினார். கடை எந்த முனையில், கதவுக்கு என்ன நிறம், ஜன்னலில் என்னென்ன வண்ணக் குப்பிகள் என்று எல்லாம் எழுதினார். அழகான எழுத்து. அந்த வாரமே கடையை உடைத்தார்கள். மருந்துக்கடைக்காரரை மனைவி கண்ணெதிரில் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

இதெல்லாம்தான் அந்த ஒன்பது பக்கம். அவற்றின் முடிவில் இவர் கிழவராகிப் பாரிஸில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். யாரோ பார்க்கப் போய், அந்த மருந்துக்கடையைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் எழுதினேன், நான் யாரையும் தொடவில்லை என்கிறார். ஜன்னல் குப்பிகளின் நிறத்தை ஒன்று விடாமல் சொல்கிறார். அந்த மனிதரின் பெயரைக் கேட்டால், நினைவில்லை என்கிறார். நான் இந்தப் பக்கங்களை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, அந்தப் பக்கங்கள்மேல். இவ்வளவு நல்ல மனிதருக்கு இது ஒரு அசிங்கம், இதைத் தமிழ் வாசகன் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறான் என்று எனக்கு நானே வக்கீலாகிவிட்டேன். இதழில் இடம் குறைவு என்று ஆசிரியர் சொன்னது நல்ல சாக்காகப் போய்விட்டது. ரொட்டி வரிசையிலிருந்து நேராக, அந்தக் கேள்வி பதிலுக்குப் பிறகு வரும் பாரிஸ் முதுமைக்குத் தாண்டினேன். போரால் நாடிழந்த ஒரு எளிய மனிதராக அவர் தமிழில் வந்து சேர்ந்தார். சான்றிதழில் ஒரு மைக்கறையை விட்டால் தூக்கம் வராத நான், ஒரு கொலையை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தாம் வகுப்பு லீவில் நீ அதைப் படித்தாய். மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு படித்துவிட்டு இறங்கி வந்து, "அம்மா, நானும் இது மாரிதான் எழுதப் போறேன்" என்றாய். வாழ்நாளில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. சொன்னபடி செய்தவன் நீ. உன் முதல் வீடியோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று உன் அப்பாவைக் கேள். சேதராப்பட்டு கம்பெனிகளில் கான்ட்ராக்ட் ஆட்கள் கையுறை இல்லாமல் ரசாயன டிரம் கழுவுவதைக் காட்டினாயே, ஒவ்வொருவர் உள்ளங்கையாகக் காட்டிக்கொண்டே போனாயே, அதைத்தான் சொல்கிறேன். ஒரு மாதத்தில் கம்பெனி கையுறை கொடுத்தது. அந்தக் கைகளில் பாதி வடக்கேயிருந்து வந்தவர்களின் கை. அன்று நீ எந்த ஊர்க் கை என்று பார்க்கவில்லை. என் மகன் என்று நான் தலைநிமிர்ந்து நடந்தது அப்போதுதான். ஆனால் அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அது உன்னை அரித்தது. "நல்லது சொன்னா எவன்மா பாக்கறான்?" என்று சோற்றைப் பிசைந்தபடி நீ சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், மகனை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டுத் தாய் தப்பிப்பது நியாயமில்லை. ஒரு நாள் வங்கியில் எனக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த வடநாட்டுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை, எனக்கு இந்தி தெரியாது. ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தேன். "பேங்க்லயும் அவங்க, கம்பெனியிலயும் அவங்க, ஓட்டல்லயும் அவங்க. இன்னும் கொஞ்ச நாள்ல நாமதான் வாடகைக்கு இருக்கணும்." நீ சிரித்தாய். நீ சிரிப்பதைப் பார்த்து எனக்கு உற்சாகம் ஏறி, இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன். நன்றாகப் பேசுகிற வாய் உனக்கு வேறு எங்கிருந்தும் வரவில்லை. மறு வாரம் உன் வீடியோவில் அந்த வாடகை வசனம் அப்படியே வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நீ ஓடி வந்து காட்டினாய். நான் உன்னைக் கண்டிக்கவில்லை. வசனம் என்னுடையதாயிற்றே என்று உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது.

போன மாத வீடியோ அந்த வரிசையில் வந்ததுதான். சேதராப்பட்டில் ஒரு தெரு. 'நம் பையன்களுக்கு வேலை இல்லை, இவர்களுக்கு ஒரு வீட்டில் பன்னிரண்டு பேர்' என்று பேசிக்கொண்டே நடக்கிறாய். ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாய். நீலக் கதவு, பக்கத்தில் தண்ணீர் டேங்க், எதிரே கோழிக்கடை. கோழிக்கடைப் பலகையில் இருக்கிற தெருப் பேர்கூடத் தெரிகிறது. நீ யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. "இத நாம பாத்துக்கிட்டு சும்மா இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டாய். அந்த வீடியோதான் உனக்குச் சென்னை வேலையை வாங்கிக் கொடுத்தது. அது வந்த மூன்றாம் நாள் நாலைந்து பேர் அந்தக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் நன்றிப் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: அந்த வீட்டு ஆள் கை உடைந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று. உன் அப்பா எலுமிச்சம்பழ நீரோடு வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தபோது அதையும் வாசித்துவிட்டார். நான் அவர் கையிலிருந்து போனை வாங்கிப் பார்ப்பதற்குள் அந்த வரியைக் காணோம். நீ நீக்கிவிட்டாய். உடனே உனக்குப் போன் செய்தேன். நாம் பேசியதை இங்கே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"தெரியும்மா. கேள்விப்பட்டேன்" என்றாய்.

"கேள்விப்பட்டுட்டு இன்னாடா பண்ண?"

"நான் இன்னா பண்ணணும்? அதுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. நான் பேசுனேன், அவ்ளோதான். நான் எவனையும் தொடல."

"அந்த ஆளு பேரு இன்னா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

போனை வைத்துவிட்டேன். நீ படித்திராத பக்கத்தில் இருக்கிற சொற்களை நீ சொன்னாய். அந்தக் கிழவரின் வாயில் வந்தபோது மொழிபெயர்க்க மறுத்தேன், என் பிள்ளையின் வாயிலிருந்து சுத்தமான தமிழில் கேட்டேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்துக் கதிர்காமம் போனேன். அப்பா, "நானும் வரேன் இரு" என்று சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எலும்பு வார்டில் விசாரித்துக் கண்டுபிடித்தோம். அவர் பேர் பிரதீப். இந்தப் பேரை நீ ஒரு முறை வாய்விட்டுச் சொல். ஒடிசாவிலிருந்து வந்தவர், உன்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஏழு வருஷமாகச் சேதராப்பட்டில் பெயின்ட் டப்பா செய்யும் கம்பெனியில் வேலை. வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு, கம்பி வைத்திருக்கிறார்கள். தமிழ் நன்றாகவே பேசுகிறார், ஆனால் எல்லோரையும் நீ என்றுதான் கூப்பிடுகிறார். கம்பெனியில் அவரை யாரும் நீங்கள் என்று அழைத்திருக்க மாட்டார்கள், அந்தச் சொல் அவர் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன், சொல்லாமல் ஆரஞ்சுப் பழம் மட்டும் வைத்துவிட்டு வர எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"உன் பையனா?" என்றார். "நல்லா பேசுவான்மா. கிளவுஸ் வீடியோ போட்டான்ல, அதுல என் கையும் இருக்கு. அதுலேர்ந்து எல்லா வீடியோவும் பாப்பேன். இதுக்கும் நான்தான் மொதல்ல லைக் போட்டேன். அப்பறம் பாத்தா, அது என் கதவு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார், செழியா. எனக்கு அந்த வார்டு சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உன் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மின்வாரியத்தில் இத்தனை வருஷம் கம்பம் ஏறியவர், எதற்கும் கலங்காத மனிதர், மூக்கைச் சிந்திக்கொண்டே நின்றார்.

போலீசில் சொன்னீர்களா என்று பிரதீப்பைக் கேட்டேன். கான்ட்ராக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், கீழே விழுந்ததாகச் சொல்லச் சொன்னாராம். "எனக்கு தமிழ் பேச வரும்மா, எழுத வராது. இந்தக் கையில ஒடியாகூட எழுத முடியாது. யாரு எழுதித் தருவா?" என்றார். அடித்தவர்களில் இரண்டு பேரை அவருக்குத் தெரியும், கோழிக்கடையில் தினமும் பார்க்கிறவர்கள்தான். நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவருக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. "வேணாம்மா. உன் பையன் பேரும் வரும்ல. அவன் அடிக்கல" என்றார். உனக்காக அவர் வாதாடினார். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கடைசியில், "சரிம்மா, எழுது" என்றார்.

உனக்குக் கோபம் வருவதற்கு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். உன்னோடு படித்த பையன்கள் டிப்ளமோ முடித்துவிட்டு செல்போன் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்தால் சங்கம் கேட்பார்கள், விடுமுறை கேட்பார்கள் என்று கம்பெனிக்காரர்கள், கேட்க நாதியில்லாத ஆட்களை ரயிலில் ஏற்றி வருகிறார்கள். ஏற்றி வருகிறவர்கள் யார், எந்த காரில் வருகிறார்கள், எந்த கேட் வழியாக நுழைகிறார்கள் என்பது உனக்கு அத்துப்படி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நீயே ஒரு காலத்தில் மேடையில் பேசியிருக்கிறாய். கம்பெனி கேட்டுக்கு முன்னால் நின்று கேமராவைத் திருப்ப உனக்கு இப்போது தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். நீலக் கதவுக்கு முன்னால் நிற்பது சுலபம், உள்ளே இருப்பவன் கேஸ் போட மாட்டான். இதைக் கேட்டு உனக்குச் சுருக்கென்றால் சந்தோஷம். என் பிள்ளை கோழை இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கோழை என்கிறேன்.

அந்த ருமேனியக்காரரை இத்தனை வருஷம் கழித்துத் திரும்பப் படித்தேன். அவர் கெட்டவராகத் தொடங்கவில்லை. பசித்தவர்களைப் பார்த்து உண்மையாகவே மனம் நொந்தவர். கைதட்டல் எந்த வரிக்கு வந்தது என்று பார்த்துப் பார்த்து அந்த வரியின் பின்னாலேயே போனார். போகப் போக மனிதர்கள் அவருக்குத் தெருவாகவும் கதவாகவும் தெரிய ஆரம்பித்தார்கள். இதை உன் பதினைந்து வயதில் நீ படித்திருந்தால் இன்று வேறு மாதிரி இருந்திருப்பாயா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. புத்தகம் படித்து யாரும் திருந்திவிடுவதில்லை. ஆனால் போனில் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லும்போது, இதை ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்றாவது உனக்கு உறைத்திருக்கும். அந்த வாய்ப்பை உனக்குத் தராமல் பறித்தது நான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், உன்னிடமும் அந்தத் தமிழாக்கத்தைப் படித்த எல்லோரிடமும்.

உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் தாய் என்றால் சொல்லத்தான் செய்வாள். அந்த வீடியோவை எடு. எடுத்துவிட்டுச் சும்மா இருக்காதே, ஏன் எடுத்தாய் என்று அதே முகத்தோடு, அதே குரலில் சொல். பிறகு நீ யாரைப் பற்றிப் பேசினாலும் முதலில் அவர்களுடைய சாப்பாடு, பிள்ளைகள், வியாதி எல்லாம் விசாரித்துவிட்டுப் பேசு, பேர் தெரியாத ஆளைப் பற்றிப் பேசாதே. வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். இதைச் சொன்ன பிறகு அவர்கள் உன்னை வைத்துக்கொள்வார்களா என்று மட்டும் பார். கையுறை வீடியோ எடுத்தவனுக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு, எனக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

புகாரை நேற்று எழுதி முடித்தேன். பிரதீப் சொல்லச் சொல்ல எழுதி, திரும்ப இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அடித்தவர்களில் தெரிந்த இருவர் பெயர் முதலிலும் இரண்டாவதாகவும் வருகிறது. வீட்டை அடையாளம் காட்டியவர் என்று மூன்றாவதாக உன் முழுப் பெயரும் நம் வீட்டு முகவரியும். உன் அப்பா வாங்கிப் பார்த்தார். "பெத்த புள்ள மேல கம்ப்ளெயின்ட் எழுதற பொம்பளய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்டேஷனுக்கு நானும் வரேன். தனியாப் போவாத" என்றார். அவர் ராத்திரி சாப்பிடவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பிரதீப்பை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறோம். ஞாயிறு இரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் நீ வந்துவிடலாம். நீ எங்களோடு நின்றால் நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது, நீயே பேசுவாய், உனக்குத்தான் பேச வருமே. வராவிட்டாலும் புகார் போகும். பிரதீப் இடது கைப் பெருவிரலை உருட்டி வைத்துவிட்டார். கீழே, எழுதிக் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, யாரும் கேட்காமலேயே பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்: மூன்றாவது நபரின் தாய்.